காவிரிப் படுகையில் ஒரு பல்கலைக்கழக விளையாட்டுத் துறையை நடத்துவதும் வளர்ப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சியிலிருந்து நாகப்பட்டினம் வரையுள்ள கல்லூரிகளின் உடற்கல்வி இயக்குநர்கள் போட்டிகளுக்காக ஒன்றுகூடும்போதெல்லாம், ஒரு பக்கம் ஆட்டம் நடக்க, மறுபக்கம் இந்தக் கேள்விகள் எழுந்துகொண்டே இருக்கும். புதிதாகப் பொறுப்பேற்றவர்கள் தொலைபேசியிலும் இவற்றையே கேட்கிறார்கள். தனித்தனியாகச் சொல்லிவந்தவற்றை இங்கே ஓரிடத்தில் எழுதிவைத்திருக்கிறேன். கேள்விகளைக் கூடியவரை கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறேன்.

போட்டிகளுக்கு அணி அனுப்புவதுதானே சார் துறையின் வேலை? அதற்கு மேல் என்ன இருக்கிறது?

அணி அனுப்புவது வெளியில் தெரியும் வேலை. அந்த அணி உருவாவதற்கு, வளாகத்தில் படிக்கும் எல்லா மாணவர்களும் ஏதேனும் ஒரு விளையாட்டை வாரத்தில் சில நாளாவது விளையாடும் நிலை இருக்க வேண்டும். நூறு பேர் ஓடும் மைதானத்தில்தான் நல்ல ஓட்டக்காரர் ஒருவர் கண்ணில் படுவார். ஆகவே துறையின் முதல் பொறுப்பு, மைதானத்தை நாள்தோறும் குறித்த நேரத்தில் திறந்து, ஆட்களோடு வைத்திருப்பது. பதக்கங்கள் அதற்குப் பின்னால் வருபவை.

1982இல் தொடங்கப்பட்ட பாரதிதாசன் பல்கலைக்கழகத்தைப் போல, இணைவு பெற்ற கல்லூரிகள் பல மாவட்டங்களில் பரவியிருக்கும் பல்கலைக்கழகமாக இருந்தால் இன்னொரு பொறுப்பும் சேர்கிறது. அங்கே துறையின் வீரர்களில் பெரும்பாலோர் பல்கலைக்கழக வளாகத்தில் இருப்பதில்லை. மன்னார்குடியிலும் கும்பகோணத்திலும் பூண்டியிலும் உள்ள கல்லூரிகளில் படிக்கிறார்கள். அக்கல்லூரிகளின் உடற்கல்வி இயக்குநர்களைத் தம் சொந்தத் துறையினராகவே கருதி நடத்தும் இயக்குநரால் மட்டுமே வலுவான பல்கலைக்கழக அணியை அமைக்க முடியும்.

உடற்கல்வி இயக்குநர் பதவிக்கு வர என்ன தகுதி வேண்டும்? ஓட்டத் தேர்வு உண்டு என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, நுழைவு நிலைப் பதவிக்கு உடற்கல்வியிலோ விளையாட்டு அறிவியலிலோ 55 விழுக்காட்டு மதிப்பெண்ணுடன் முதுகலைப் பட்டம், நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வு அல்லது அதற்கு இணையான தேர்வில் தேர்ச்சி அல்லது விதிப்படி பெற்ற முனைவர் பட்டம், போட்டிகளில் பங்கேற்ற சான்று ஆகியவை வேண்டும். பல்கலைக்கழக இயக்குநர் பதவிக்கு முனைவர் பட்டமும் நீண்ட பணி அனுபவமும் அணிகளை உருவாக்கிய சான்றும் கேட்கப்படும்.

உடல்திறன் தேர்வில் ஆண்கள் 12 நிமிடத்தில் 30 வயது வரை 1800 மீட்டரும், 40 வயது வரை 1500 மீட்டரும், 45 வயது வரை 1200 மீட்டரும், 50 வயது வரை 800 மீட்டரும் ஓடியோ நடந்தோ கடக்க வேண்டும். பெண்களுக்கு 8 நிமிடம். தூரம் முறையே 1000, 800, 600, 400 மீட்டர்.

பொறுப்பேற்று ஒரு வாரம்தான் ஆகிறது. எங்கிருந்து தொடங்குவது என்றே தெரியவில்லை.

முதலில் இருப்புப் பதிவேட்டைக் கையில் வாங்கி, அறையில் உள்ள ஒவ்வொரு பொருளையும் அதோடு ஒப்பிட்டு எண்ணுங்கள். கிழிந்த வலை, காற்றுப் போன பந்து, வளைந்த ஈட்டி என எதையும் விடாமல் குறித்து, இல்லாததை இல்லை என்று எழுதி, பொறுப்பை ஒப்படைத்தவரிடமும் பதிவாளர் அலுவலகத்திலும் கையொப்பம் பெற்றுவிடுங்கள். இதைத் தள்ளிப்போட்டால் தணிக்கையின்போது உங்களுக்கு முன்பிருந்தவரின் குறைகளுக்கும் நீங்களே பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

அடுத்து, ஒரு வாரம் காலை ஐந்தரை மணிக்கு மைதானத்தில் போய் நில்லுங்கள். யார் வருகிறார்கள், யார் வெளியூர்ப் பேருந்துக்காகச் சீக்கிரம் கிளம்புகிறார்கள், எந்த மூலையில் தண்ணீர் தேங்குகிறது, எந்தக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்பவை அப்போதுதான் தெரியவரும். மைதானப் பணியாளரான மார்க்கரோடு உட்கார்ந்து பேசுங்கள். பல ஆண்டுகளாக அந்த மண்ணில் கோடு போட்டு வரும் அவருக்கு மைதானத்தைப் பற்றித் தெரிந்தது எந்தக் கோப்பிலும் இருக்காது. இவ்வளவையும் முடித்த பிறகு ஆண்டுத் திட்டம் எழுத உட்காருங்கள்.

போட்டிகள் எந்த வரிசையில் நடக்கின்றன? கல்லூரியிலிருந்து அகில இந்திய அளவு வரை யாராவது விளக்கினால் நல்லது.

கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிகளைப் பல்கலைக்கழகம் நடத்துகிறது. அவற்றில் சிறந்து விளங்குவோரிலிருந்து பல்கலைக்கழக அணி தேர்வாகிறது. அந்த அணி இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நடத்தும் போட்டிக்குச் செல்கிறது. 1925இல் தொடங்கிய அச்சங்கம் நாட்டை நான்கு மண்டலங்களாகப் பிரித்திருக்கிறது, நாம் தென்மண்டலம். கபடி, கைப்பந்து போன்ற குழு ஆட்டங்களில் மண்டலத்தில் முன்னணியில் வரும் அணிகள் அகில இந்தியப் போட்டிக்குச் செல்லும். தடகளம் நேரடியாக அகில இந்திய அளவில் நடைபெறும். அங்கே பெறும் இடத்தைப் பொறுத்து, 2020இல் புவனேசுவரத்தில் தொடங்கிய கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுகளுக்குத் தகுதி கிடைக்கும். வயது வரம்பு 17 முதல் 25 வரை. ஆண்டுதோறும் வரும் சுற்றறிக்கையில் வயதைக் கணக்கிடும் நாளைப் பார்த்துவிட்டே பெயர்ப் பட்டியலை அனுப்புங்கள்.

எல்லா விளையாட்டுகளிலும் சேர்த்து அதிகப் புள்ளி பெறும் பல்கலைக்கழகத்துக்கு மௌலானா அபுல் கலாம் ஆசாத் கோப்பை வழங்கப்படுகிறது. அமிர்தசரசின் குரு நானக் தேவ் பல்கலைக்கழகம் அதை இருபது முறைக்கு மேல் வென்றிருக்கிறது. பல மாவட்டங்களில் இணைவுக் கல்லூரிகளைக் கொண்ட பல்கலைக்கழகம் அது என்பதை நாம் கவனிக்க வேண்டும். முதல் கேள்விக்குச் சொன்ன பதிலின் இரண்டாம் பகுதியை நான் வலியுறுத்துவது இதனால்தான்.

போட்டி எல்லாம் ஐப்பசி, கார்த்திகையில் வருகிறது. எங்கள் மைதானமும் அப்போதுதான் குளமாகிறது. என்ன செய்வது?

டெல்டாவில் இந்தத் துறையை நடத்துவோரின் முதன்மையான சிக்கல் இதுதான். வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை பெய்கிறது. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிகளும் தென்மண்டலப் போட்டிகளும் பெரும்பாலும் அக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் வருகின்றன. வறண்ட பகுதிகளில் உள்ளவர்கள் உச்சகட்டப் பயிற்சி செய்யும் வாரங்களில் நம் பிள்ளைகள் தாழ்வாரத்தில் நிற்கிறார்கள். வெளியூர் நாட்காட்டியை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் நமக்கென்று ஒன்றை வகுத்துக்கொள்ள வேண்டும்.

ஜூன் மாதம் கல்லூரி திறந்த வாரத்திலேயே அடிப்படை உடல்திறன் பயிற்சியைத் தொடங்கி, செப்டம்பர் முடிவதற்குள் அணியின் கடினமான உழைப்பு முழுவதையும் முடித்துவிடுங்கள். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிகளில் எவ்வளவு முடியுமோ அவ்வளவை ஆகஸ்ட், செப்டம்பரிலேயே நடத்திவிடலாம். தேதியைத் தீர்மானிக்கும் அதிகாரம் பல்கலைக்கழகத்திடம்தான் இருக்கிறது. மழை மாதங்களுக்குத் திறனைக் காப்பாற்றும் பயிற்சி போதும். பார்வையாளர் படிக்கட்டில் ஏறி இறங்குவது, கயிறு தாண்டுவது, சொந்த உடல் எடையைக் கொண்டு செய்யும் வலுப் பயிற்சிகள், கூரையின் கீழ் செய்யும் நுட்பப் பயிற்சிகள் ஆகியவற்றுக்குப் பெரிய இடம் தேவையில்லை. கபடி அணிக்கு இன்னொரு வழியும் உண்டு. மார்கழியில் முகூர்த்தம் இல்லாததால் கல்யாண மண்டபங்கள் காலியாகக் கிடக்கும். 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்ட ஆடுகளத்துக்கான விரிப்பைப் போட இடம் இருந்தால், குறைந்த வாடகைக்குப் பேசி அங்கேயே பயிற்சியைத் தொடரலாம். கைப்பந்துக்கு மண்டபக் கூரையின் உயரம் போதாது.

மழை விட்ட மறுநாளே ஆட்களை மைதானத்தில் இறக்கிவிடாதீர்கள். ஈரக் களிமண்ணில் பதியும் காலடிக் குழிகள் காய்ந்ததும் கல்லாக இறுகி, அடுத்த வாரம் கணுக்காலைப் பிசக்கும். இடி மின்னலில் சற்றும் தயங்கக் கூடாது. மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடிக்குக் குறைவாக இருந்தால் எல்லோரையும் கட்டடத்துக்குள் அனுப்பிவிட்டு, கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழிந்த பிறகே வெளியே விட வேண்டும். இறுதி ஆட்டமே நடந்துகொண்டிருந்தாலும் இதில் மாற்றம் இல்லை.

எங்கள் மைதானம் பழைய வயல். வெயிலில் வெடிக்கிறது, மழையில் சேறாகிறது. இதில் தடம் போட முடியுமா?

முடியும். அதற்கான வேலை மண்ணுக்கு அடியில் தொடங்க வேண்டும். வண்டல் களிமண் நீரைக் குடித்து உப்பும், காய்ந்தால் சுருங்கிப் பிளக்கும். அதன்மேல் செம்மண்ணை மட்டும் பரப்பினால் இரண்டு மழையில் அது கீழே இறங்கிவிடும். மேல் களிமண்ணை ஓரளவு வெட்டி எடுத்து, உடைந்த செங்கல் ஜல்லியை அடுக்கி இறுக்கி, அதன்மேல் கிராவலும் செம்மண் கலவையும் போட்டு உருளையால் அழுத்த வேண்டும். சுற்றிலும் வடிகால் வெட்டி, அதன் கடைமுனை எந்த வாய்க்காலில் போய்ச் சேர்கிறது என்பதை உறுதி செய்யுங்கள். வெளியேறும் வழி அடைந்த வடிகால், மழைக்காலத்தில் தண்ணீரை மைதானத்துக்கே திருப்பிக் கொண்டுவரும்.

தடத்தின் சாய்வு உட்பக்கம் நோக்கி 100க்கு 1க்கு மேலும், ஓடும் திசையில் 1000க்கு 1க்கு மேலும் இருக்கக் கூடாது. எட்டு வரிசைகள் கொண்ட 400 மீட்டர் தடத்துக்கு ஏறத்தாழ 177 மீட்டர் நீளமும் 93 மீட்டர் அகலமும் வேண்டும். அவ்வளவு இடம் இல்லையென்றால் முழு வட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். 120 மீட்டர் நீளமுள்ள நேர்த்தடம் ஒன்றை நன்றாக அமையுங்கள். தொடக்கக் கோட்டுக்குப் பின்னால் 3 மீட்டரும் முடிவுக் கோட்டுக்கு அப்பால் 17 மீட்டரும் விட்டால், நடுவில் 100 மீட்டர் கிடைக்கும்.

தடம் போடும்போது ஒவ்வோர் ஆண்டும் அளவில் சண்டை வருகிறது. சரியான முறை எது?

இரு முனைகளிலும் அரை வட்டத்தின் மையத்தில் இரும்பு முளையை அடியுங்கள். இரு மையங்களுக்கும் இடைத்தூரம் 84.39 மீட்டர், நேர்ப்பகுதியின் நீளமும் அதுவே. உள் விளிம்பின் ஆரம் 36.50 மீட்டர். ஓட்டத்தின் தூரம் விளிம்பிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி, 36.80 மீட்டர் ஆரத்தில் கணக்கிடப்படுகிறது. அந்த ஆரத்தில் ஒரு வளைவு 115.61 மீட்டர் வரும். இரண்டு வளைவும் இரண்டு நேர்ப்பகுதியும் சேர்ந்தால் 400. ஒவ்வொரு வரிசையின் அகலமும் 1.22 மீட்டர். முழுச் சுற்று வரிசைக்குள்ளேயே ஓடும் 400 மீட்டர் ஓட்டத்துக்கு இரண்டாம் வரிசை 7.04 மீட்டரும், மூன்றாம் வரிசை 14.71 மீட்டரும் முன்னால் தொடங்கும். அதன் பிறகு ஒவ்வொரு வரிசைக்கும் 7.67 மீட்டர் கூட்டிக்கொண்டே போக வேண்டும்.

சண்டைக்குக் காரணம் பெரும்பாலும் கணக்கில் இருப்பதில்லை, நாடாவில்தான் இருக்கும். பனியில் நனைந்த துணி நாடாவும் நைலான் கயிறும் ஒரே நீளத்தில் நிற்பதில்லை. எஃகு நாடாவையே பயன்படுத்துங்கள். செங்கோணத்தை 3, 4, 5 மீட்டர் முக்கோணம் வைத்துச் சரிபார்த்து, மைய முளைகளைத் தரை மட்டத்துக்குக் கீழே நிரந்தரமாகப் புதைத்துவிட்டால் அடுத்த ஆண்டு பாதி வேலை மிச்சம். கோடு போட நீற்றுச் சுண்ணாம்பு வேண்டாம். ஈரத்தில் தோலையும் கண்ணையும் அது புண்ணாக்கும். சுண்ணக்கட்டித் தூளே பாதுகாப்பானது.

செயற்கை ஓடுதளம் கேட்டு எழுதலாமா?

கேட்கலாம், ஆனால் மேலே சொன்ன வடிகால் வேலை முடிந்த பிறகு கேளுங்கள். நீர் தேங்கும் களிமண்மேல் போட்ட செயற்கைத் தளம் விரைவில் எழும்பிக் கிழியும். பராமரிப்புக்கும் சில ஆண்டுகள் கழித்து மறுதளம் போடுவதற்கும் பணம் எங்கிருந்து வரும் என்பதையும் அதே கடிதத்தில் எழுதுங்கள். அதுவரை திருச்சி அண்ணா விளையாட்டரங்கம், தஞ்சாவூர் அன்னை சத்யா விளையாட்டரங்கம் போன்ற மாவட்ட அரங்கங்களில் நேரம் ஒதுக்கித் தருமாறு எழுத்து மூலம் கேட்டுப் பெறுவது மேல்.

எல்லா விளையாட்டிலும் அணி வைக்க வேண்டுமா, சிலவற்றை மட்டும் தேர்ந்தெடுக்கலாமா?

பங்கேற்பைப் பொறுத்தவரை கதவை எல்லாவற்றுக்கும் திறந்து வையுங்கள். ஆனால் பயிற்சியாளர், உணவு, பயணம் என்று பணம் செலவிடுவதைத் தொடக்கத்தில் மூன்று நான்கு விளையாட்டுகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஊரில் ஏற்கெனவே வேர் பிடித்திருப்பது எது என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பதே சரி. திருவாரூர் மாவட்டத்து வடுவூரில் குழந்தைகள் கபடியோடு வளர்கிறார்கள். திருச்சி மாவட்டம் ஓட்டக்காரர்களைத் தொடர்ந்து தருகிறது. லால்குடிப் பக்கத்து ஆரோக்கிய ராஜீவ் 2014 ஆசிய விளையாட்டுகளில் 400 மீட்டரில் வெண்கலம் வென்றார், அவரும் திருச்சியின் சுபா வெங்கடேசனும் தோக்கியோ ஒலிம்பிக்குக்குச் சென்றார்கள். இந்த வளம் கண்முன் இருக்கும்போது, வேறு பல்கலைக்கழகத்தில் இருக்கிறது என்பதற்காகவே ஒரு விளையாட்டில் பெரும் தொகையைப் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

திறமையான பிள்ளைகளை எங்கே தேடுவது? சேர்க்கைக்கு வருபவர்களில் யாரும் கிடைப்பதில்லை.

சேர்க்கை நாளில் தேடினால் கிடைக்க மாட்டார்கள். கோடையில் கிராமங்களில் நடக்கும் கபடி, கைப்பந்துப் போட்டிகளுக்குப் போய் உட்காருங்கள். பள்ளி உடற்கல்வி ஆசிரியர்களோடு ஆண்டு முழுவதும் தொடர்பில் இருங்கள். மயிலாடுதுறையில் இந்திய விளையாட்டு ஆணையத்தின் பயிற்சி மையம் இருக்கிறது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகள் பல ஊர்களில் உள்ளன. பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் அங்குள்ள மாணவர்களுக்கு எந்தக் கல்லூரியில் எந்தப் பாடம் கிடைக்கும் என்பதை நேரில் போய் விளக்கும் இயக்குநரை அவர்கள் மறக்க மாட்டார்கள்.

இரண்டாவது வழி நம் வகுப்பறைகளிலேயே இருக்கிறது. முதலாம் ஆண்டு மாணவர் அனைவருக்கும் ஜூலை மாதத்தில் ஐந்து எளிய சோதனைகளை நடத்துங்கள்: 30 மீட்டர் ஓட்டம், நின்ற இடத்திலிருந்து நீளத் தாண்டல், பந்து எறிதல், 12 நிமிட ஓட்டம், உயரமும் எடையும். பள்ளியில் விளையாட வாய்ப்பே கிடைக்காத, ஆனால் நின்ற இடத்திலிருந்து இரண்டரை மீட்டர் தாண்டக்கூடிய பையன் ஒருவன் ஏதாவது வேதியியல் வகுப்பில் உட்கார்ந்திருப்பான். மும்முறைத் தாண்டலில் 2023இல் ஹவானாவில் 17.37 மீட்டர் தாண்டித் தேசியச் சாதனை படைத்த பிரவீன் சித்திரவேல் திருவாரூர் மாவட்டத்துக்காரர். அத்தகைய கால்கள் நம் மண்ணில் இருக்கின்றன; அளந்து பார்ப்பது நம் கடமை.

பேராசிரியர்கள் ஓ.டி. (போட்டிக்குப் போன நாளையும் வருகையாகக் கணக்கிடும் அனுமதி) தர மறுக்கிறார்கள். பிள்ளைகள் தேர்வுக்கும் தகுதி இழக்கிறார்கள்.

75 விழுக்காட்டு வருகைப்பதிவு இல்லாமல் தேர்வு எழுத முடியாது என்பதால் இந்த அச்சம் நியாயமானதே. பேராசிரியர்களின் கோபத்துக்கும் பெரும்பாலும் காரணம் உண்டு. போட்டி முடிந்து பத்து நாள் கழித்துக் கசங்கிய தாளில் பெயர்ப் பட்டியல் வந்தால் யார்தான் ஏற்பார்கள்? போட்டிக்கு ஒரு வாரம் முன்பே பெயர், வகுப்பு, தேதி, போட்டி நடக்கும் ஊர் ஆகியவற்றோடு துறைத் தலைவருக்குக் கடிதம் போக வேண்டும். திரும்பிய மறுநாள் பங்கேற்புச் சான்றின் நகலைக் கொடுக்க வேண்டும்.

இதோடு, தவறிய பாடங்களுக்கும் ஆய்வகப் பயிற்சிகளுக்கும் மாற்று நாள் தர வேண்டும் என்பதைக் கல்விக் குழுவில் வைத்து விதியாக்குங்கள். பருவத் தேர்வில் விளையாட்டு மாணவர்கள் எத்தனை பேர் தேறினார்கள் என்று நீங்களே கணக்கெடுத்து ஆசிரியர் கூட்டத்தில் சொல்லுங்கள். அவர்கள் படிப்பில் உங்களுக்கு அக்கறை இருக்கிறது என்று தெரிந்த பிறகு ஓ.டி. படிவம் அவ்வளவு எளிதில் திரும்பி வராது.

பெண் பிள்ளைகளை வீட்டில் அனுப்ப மறுக்கிறார்கள். என்ன சொல்லிச் சம்மதிக்க வைப்பது?

பெற்றோரிடம் பேசுவதற்கு முன் நம் பக்கத்தைப் பாருங்கள். மைதானத்துக்கு அருகில் தாழ்ப்பாள் உள்ள உடைமாற்றும் அறையும், தண்ணீர் வரும் கழிப்பறையும், நாப்கினும், மாலைப் பயிற்சி முடியும் இடத்தில் வெளிச்சமும் இருக்கின்றனவா? மாலை ஆறரைக்குப் பயிற்சி முடிந்தால் பட்டுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்துக்குக் கடைசி நகரப் பேருந்து கிடைக்குமா? இவற்றைச் சரி செய்யாமல் பெற்றோரைக் குறை சொல்வது தவறு.

வெளியூர்ப் பயணத்தில் பெண் மேலாளர் ஒருவர் கட்டாயம் உடன் செல்ல வேண்டும். எந்த ரயில், எந்த விடுதி, யாருடைய எண், எப்போது திரும்புவார்கள் என்பதைத் தமிழில் ஒரு தாளில் எழுதி வீட்டுக்கு அனுப்புங்கள். முடிந்தால் முதல் தடவை வீட்டுக்கே போய் அம்மாவிடமும் பாட்டியிடமும் பேசுங்கள். தமிழ்நாடு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காட்டு ஒதுக்கீடு இருப்பதை எடுத்துச் சொன்னால் தகப்பனார்களும் காது கொடுப்பார்கள்.

பணத்துக்கு எங்கே போவது? மாணவர் கட்டணத்தில் பந்து வாங்கவே போதவில்லை.

மாணவர்களிடம் விளையாட்டுக்கென்று வசூலிக்கும் கட்டணம் முழுவதும் விளையாட்டுக்கே வருகிறதா என்று நிதி அலுவலகத்தில் எழுத்து மூலம் கேளுங்கள். பல இடங்களில் பற்றாக்குறையின் ஒரு பகுதி அங்கேயே தீர்ந்துவிடும்.

வெளியிலிருந்து பெற 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டம் வழி தருகிறது. குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள், முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். அதற்குரிய ஏழாம் அட்டவணையில் கிராமிய விளையாட்டு, தேசிய அங்கீகாரம் பெற்ற விளையாட்டு, ஒலிம்பிக், பாராலிம்பிக் விளையாட்டுகளுக்கான பயிற்சி இடம்பெற்றிருக்கிறது. திருச்சியில் பி.எச்.இ.எல்., கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கி என நம் பகுதியிலேயே பெரிய நிறுவனங்கள் உள்ளன. ‘விளையாட்டு வளர்ச்சிக்கு நிதி தாருங்கள்’ என்று பொதுவாக எழுதாமல், 20 மாணவியருக்கு ஓராண்டு காலை உணவு, கபடி விரிப்பு ஒரு தொகுதி என்று அளந்து கேளுங்கள். செலவு முடிந்ததும் அவர்கள் கேட்பதற்கு முன்பே பயன்பாட்டுச் சான்றிதழை அனுப்பிவிடுங்கள். பழைய மாணவர்களிடமும் இதே முறைதான்.

நிரந்தரப் பயிற்சியாளர் பணியிடமே இல்லை. நான் ஒருவனே எல்லாவற்றையும் சொல்லித்தர முடியுமா?

முடியாது, தேவையுமில்லை. பாட்டியாலாவில் 1961 முதல் இயங்கும் தேசிய விளையாட்டு நிறுவனத்தில் பட்டயம் பெற்றவர்கள் நம் மாவட்டங்களில் இருக்கிறார்கள். பகுதி நேர ஊதியத்துக்கு ஆறு மாத ஒப்பந்தத்தில் அவர்களை அழைக்கலாம். ஜூனிலிருந்து நவம்பர் வரை என்று வைத்துக்கொண்டால், மேலே சொன்ன மழைக்கால நாட்காட்டியோடும் பொருந்தும். மூத்த வீரர்களுக்குப் புதியவர்களை வழிநடத்தும் பொறுப்பைக் கொடுங்கள்.

பையன்கள் புரதப் பொடி வாங்கித் தரச் சொல்கிறார்கள். உடற்பயிற்சிக் கூடத்தில் ஊசி போடுவதாகவும் காதில் விழுகிறது.

உணவை முதலில் சரி செய்யுங்கள். கடுமையாகப் பயிற்சி செய்பவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளில் 1.2 முதல் 2 கிராம் வரை புரதம் போதும். முட்டை, மீன், வேர்க்கடலை, நம் நெல் தரிசில் விளையும் உளுந்து, பாசிப்பயறு ஆகியவற்றிலிருந்தே பெரும்பாலும் அதைப் பெறலாம். விடுதிச் சமையற்காரரோடு பேசி, காலைப் பயிற்சி முடிந்ததும் அவித்த பயறும் முட்டையும் கிடைக்க ஏற்பாடு செய்வது எந்தப் பொடியையும் விட நல்லது.

ஊசி விவகாரத்தைக் கேட்ட அன்றே கையில் எடுங்கள். தேசிய ஊக்கமருந்துத் தடுப்புச் சட்டம் 2022இல் வந்தது. உடலில் தடை செய்யப்பட்ட பொருள் காணப்பட்டால், அது எப்படி வந்தது என்று தெரியாவிட்டாலும் வீரரே பொறுப்பு. தடை நான்காண்டு வரை போகலாம். கல்லூரிப் பருவ வீரருக்கு அதுவே விளையாட்டு வாழ்வின் முடிவு. திருச்சிப் பகுதியிலிருந்து சென்று 2019இல் தோகாவில் ஆசியத் தங்கம் வென்ற வீராங்கனை ஒருவரின் பதக்கம் பின்னர் பறிக்கப்பட்டதை நாம் எல்லோரும் வலியோடு பார்த்தோம். சளி மாத்திரைகூட மருத்துவரிடம் ‘நான் விளையாட்டு வீரன்’ என்று சொன்ன பிறகே வாங்க வேண்டும் என்பதைப் பருவத் தொடக்கத்தில் பெற்றோர் முன்னிலையில் சொல்லிவிடுங்கள்.

அணித் தேர்வில் சிபாரிசு வருகிறது. மேலிடத்திலிருந்து வந்தால் எப்படி மறுப்பது?

தேர்வு நாளுக்கு முன்பே எல்லாவற்றையும் எழுத்தில் வைத்துவிட்டால், மறுக்க வேண்டிய நிலையே அரிதாகும். தேர்வுக் குழுவில் குறைந்தது இருவர் வேறு கல்லூரிகளிலிருந்து இருக்கட்டும். அளவுகோலைச் சுற்றறிக்கையாக அனுப்புங்கள். ஓட்டத்தின் நேரம், தாண்டிய தூரம், குழு ஆட்டத்தில் ஒவ்வொரு உறுப்பினரும் இட்ட மதிப்பெண் ஆகியவற்றை அன்று மாலையே அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுங்கள். அதன் பிறகு தொலைபேசியில் யார் பேசினாலும், பட்டியல் ஒட்டப்பட்டுவிட்டது என்று பணிவோடு சொல்லலாம். அப்படியும் அழுத்தம் வந்தால் எழுத்து மூலம் தருமாறு கேளுங்கள்.

பயிற்சியாளர் ஒருவர்மீது மாணவி வாய்மொழியாகப் புகார் சொன்னார். பெயர் வெளியே வரக் கூடாது என்கிறார். நான் என்ன செய்ய வேண்டும்?

நீங்களே விசாரிக்கக் கூடாது. சமாதானம் பேசவும் கூடாது. பணியிடத்தில் பெண்கள்மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டமும் அதன்பின் 2015இல் மானியக் குழு வகுத்த விதிமுறைகளும் உள்ளகப் புகார்க் குழுவிடமே அந்தப் பொறுப்பைத் தந்திருக்கின்றன. மாணவியைக் குழுவின் தலைவரிடம் அழைத்துச் சென்று, எழுத்து மூலம் புகார் அளிக்க உதவி வேண்டுமென்றால் செய்து கொடுங்கள். விசாரணை முடியும் வரை அந்தப் பயிற்சியாளர் மாணவியரோடு தொடர்பில் இல்லாத ஏற்பாட்டை நிர்வாகத்திடம் கேட்டுப் பெறுங்கள். அந்த மாணவியின் பயிற்சியும் அணியில் அவர் இடமும் ஒரு நாளும் தடைபடக் கூடாது. நல்ல பயிற்சியாளர், பதக்கம் வாங்கித் தருபவர் என்ற காரணத்துக்காக இதில் தாமதிப்பவரை இயக்குநர் என்று நான் மதிக்க மாட்டேன்.

நாங்கள் வளர்த்த வீரரைத் தனியார் பல்கலைக்கழகம் கட்டணச் சலுகை தந்து அழைத்துப் போய்விடுகிறது. தடுக்க முடியாதா?

மாற்றுச் சான்றிதழை நிறுத்திவைத்துத் தடுப்பது தவறு. அந்தக் குடும்பத்துக்கு முழுக் கட்டண விலக்கும் விடுதியும் எவ்வளவு பெரியது என்பதை நாம் உணர வேண்டும். நம்மால் தரக்கூடியவற்றை முன்கூட்டியே தர வேண்டும்: விடுதிக் கட்டணச் சலுகை, காயம் பட்டால் செலவை ஏற்பது, விரும்பிய பாடப்பிரிவு, பட்டம் முடிக்கும் வரை துணை நிற்பது. அப்படியும் போனால் வாழ்த்தி அனுப்புங்கள். அவருடைய தம்பியோ பக்கத்து வீட்டுப் பையனோ அடுத்த ஆண்டு உங்களிடம் வருவதற்கான வழி அதுதான்.

மூன்று ஆண்டாகப் பதக்கம் இல்லை. துறை வளர்கிறது என்று துணைவேந்தரிடம் எதைக் காட்டுவது?

எண்களைக் காட்டுங்கள். காலையில் மைதானத்துக்கு வருவோர் எத்தனை பேர், அதில் பெண்கள் எத்தனை பேர், எத்தனை கல்லூரிகள் அணி அனுப்பின, முதலாண்டில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் மூன்றாம் ஆண்டிலும் விளையாடுகிறார்கள், அவர்கள் 100 மீட்டர் நேரம் ஆண்டுக்கு ஆண்டு எப்படிக் குறைந்தது என்பவை பதக்கப் பட்டியலை விட உண்மையான கணக்கு. மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு என்ன செய்தோம் என்பதும் அதில் இருக்க வேண்டும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் விளையாட்டில் அவர்கள் பங்கேற்பை உறுதி செய்யச் சொல்கிறது. உயர்கல்வி நிறுவனங்களின் தரத்தை அளக்கும் நாக் அமைப்பின் மதிப்பீட்டில் மாணவர்களின் விளையாட்டுப் பங்கேற்புக்கும் விருதுகளுக்கும் இடம் இருப்பதை நினைவூட்டினால் நிர்வாகம் உங்கள் கோப்பைக் கவனமாகப் பார்க்கும்.

பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் விளையாடியவர் வேலைக்காகப் படிவம் 3 கேட்டு வந்திருக்கிறார். பதிவேடு கரையான் அரித்துவிட்டது. கையெழுத்துப் போடலாமா?

ஆதாரம் இல்லாமல் போடக் கூடாது. ஆதாரத்தைத் தேடாமல் திருப்பி அனுப்பவும் கூடாது. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் விளையாடியதற்கான அந்தப் படிவத்தில்தான் அவருடைய விளையாட்டு ஒதுக்கீடு அடங்கியிருக்கிறது. போட்டியை நடத்திய பல்கலைக்கழகத்துக்கு எழுதி, அங்குள்ள தகுதிப் பட்டியலின் சான்றொப்பமிட்ட நகலைக் கேளுங்கள். நம் நிதிப் பிரிவில் அந்த ஆண்டுப் பயணப்படிப் பட்டியல் இருக்கக்கூடும். அதில் வீரர்களின் பெயரும் கையொப்பமும் இருக்கும். அவர் படித்த கல்லூரியின் ஆண்டு மலரும் உதவும். இவற்றில் இரண்டாவது ஒத்துப்போனால், குறிப்பெழுதிப் பதிவாளரின் ஒப்புதலோடு படிவத்தில் கையொப்பமிடலாம்.

கையோடு, இந்த ஆண்டின் தகுதிப் பட்டியல்களையும் முடிவுத் தாள்களையும் ஸ்கேன் செய்து, மூன்று இடங்களில் சேமித்துவிடுங்கள். ஒரு பிரதி பதிவாளர் அலுவலகத்தில் இருக்கட்டும். மழை ஒழுகும் விளையாட்டு அறையில் மட்டும் வைக்க வேண்டாம்.